பதினான்கு பச்சைச் சாறுகள்

அந்தப் புத்தகத்தில் மொத்தம் எண்பத்திரண்டு சமையல் குறிப்புகள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து பார்க்க வேண்டும். முதல் முறை, எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே. இரண்டாம் முறை, அதில் தெரிந்த கோளாறுகளைத் திருத்தி. மூன்றாம் முறை, திருத்தியது சரிதானா என்று பார்க்க. ஒவ்வொரு முறைக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் போட்டாள், எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை பேருக்குக் காணும், சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள்.

பதினோரு வருடமாக அவள் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்துவந்தாள். பதிப்பகம் கொண்டுவரும் சமையல் புத்தகங்கள் எல்லாம் அச்சுக்குப் போவதற்கு முன் அவள் அடுப்பைத் தாண்டித்தான் போகும். ஒரு காலத்தில் கேக், பிஸ்கட், விருந்துச் சமையல் என்று வந்தது. இப்போது நான்கைந்து வருடமாக எல்லாமே ஆரோக்கியப் புத்தகங்கள். சர்க்கரை இல்லாத கேக், எண்ணெய் இல்லாத கட்லெட், மாவே இல்லாத ரொட்டி. 'ஒரு கைப்பிடி விதை' என்று எழுதியிருப்பார்கள். யார் கை என்று எழுதியிருக்க மாட்டார்கள். அவள் மின்தராசில் வைத்து முப்பது கிராம் என்று திருத்துவாள். உப்பைக்கூட நிறுத்துப் போடுவதால் கணவர் அவளுக்குத் 'தராசு' என்றே பெயர் வைத்துவிட்டார்.

கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருபவர். சாயங்காலம் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் தேதி எழுதி ஒட்டிய டப்பாக்கள்தான் வரிசையாக இருக்கும். கட்லெட் முதல் முறை, கட்லெட் இரண்டாம் முறை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்பாள். பசியோடு வந்த மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனாலும் யோசித்து, இரண்டாவது கொஞ்சம் உதிர்கிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார்.

ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருந்தது இந்தப் புத்தகம். எழுதியவர் பெயர் பெற்ற வலைப்பூக்காரர். அவர் எழுதுவதை ஆயிரக்கணக்கானவர்கள் படித்து அப்படியே செய்கிறார்கள் என்று பதிப்பகத்து எடிட்டர் சொல்லியிருந்தார். படித்துப் பார்த்தபோது எழுத்து நன்றாகத்தான் இருந்தது. அளவுகள்தான் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. அறுபதாவது குறிப்பைத் தாண்டும்போது அவளுக்கு நாக்கு மரத்துப்போயிருந்தது. சாப்பாட்டு நேரம் என்று தனியாக ஒன்று இல்லை. காலை முதல் கரண்டி கரண்டியாக ருசி பார்த்துப் பார்த்து, மத்தியானம் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது. கால் இரண்டும் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கப் பழகிக்கொண்டாள்.

கடைசி அத்தியாயம் சாறுகள். காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டிய பச்சைச் சாறுகள், பதினான்கு. பசலைக்கீரை, பீட்ரூட் இலை, வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி என்று மாற்றி மாற்றி. பதினான்கை மூன்றால் பெருக்கினால் நாற்பத்திரண்டு. ஒரு நாளைக்கு இரண்டு வீதம் போட்டால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கான அளவு. அவள் மூன்று வாய் குடித்துப் பார்த்து எழுதுவாள். மிச்சத்தை யார் குடிப்பது?

கணவர் முதல் நாளே ஒரு மடக்கு குடித்துவிட்டு, புல்வெளியில் விழுந்து வாயைத் திறந்த மாதிரி இருக்கிறது என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அவளுடைய அண்ணன்தான் எடுத்துக் குடித்தார்.

அண்ணன் லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி தவறிப்போன பிறகு இரண்டு வருடமாக இவர்களோடுதான் இருந்தார். பக்கத்து அறையில் ஒரு கட்டில், ஒரு ரேடியோ, ஜன்னலோரம் நாற்காலி. பேச்சு குறைவு. தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயதாகியும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எது கொடுத்தாலும் சாப்பிடுவார். வேகாததையும் கருகியதையும்கூட, உனக்கு வேலை ஆகணுமே என்று சாப்பிட்டுவிட்டு, படிவத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளையே கேட்பார். சாறும் அப்படித்தான். சிங்க்குக்கு முன் நின்றபடி மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். காலையில் இரண்டு டம்ளர், பதினோரு மணிக்கு இரண்டு டம்ளர். கீழே ஊற்ற வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் வாரத்தில் அண்ணன் நடை தளர்ந்தது. மாடிப்படி ஏறி வந்தவர் நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். கேட்டதற்கு, கால் கனமாக இருக்கிறது, வயசாகிறதில்லையா என்றார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கும்தான் கால் கனத்தது. அந்த வீட்டில் அப்போது யாருக்குத்தான் கனக்கவில்லை?

பதினெட்டாம் நாள் காலை, முதல் சாற்றைக் குடித்துவிட்டு ரொட்டி வாங்கக் கீழே இறங்கியவர், படிவளைவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரர் வந்து கதவைத் தட்டினார். அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது. ஆனால் காலைத் தூக்க முடியவில்லை. நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். துடிப்பு ஒரு ஒழுங்கில்லாமல், நின்று நின்று வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், முப்பது வயதிருக்கும் பெண், வேகமாக வெளியே வந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார். சிறுநீரகம் இரண்டும் ஏற்கனவே பாதிக்கு மேல் பழுது. இது இன்று நேற்று வந்ததில்லை. சமீபத்தில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுவிட்டு, வழக்கமாக எல்லோரும் சொல்வதைப் போல 'எப்பவும் போலத்தான்' என்று பதில் வரும் என்று எதிர்பார்த்தவர் போல பேனாவைக் காகிதத்தில் வைத்தார்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். அவசரத்தில் மாவுக்கறை படிந்த அதே உடையோடு வந்திருந்தாள். ஆனாலும் வேலை நோட்டு பையிலேயே கிடந்தது. முந்தைய நாளிலிருந்து தொடங்கி வாசித்தாள். காலை ஏழு மணி, பசலைக்கீரை இருநூறு கிராம், வாழைப்பழம் இரண்டு, ஆரஞ்சு ஒன்று. பதினோரு மணி, பீட்ரூட் இலை நூற்றைம்பது கிராம், தக்காளி முந்நூறு, பேரீச்சம்பழம் ஆறு. அதற்கு முந்தைய நாள். அதற்கும் முந்தைய நாள். பதினேழு நாளுக்கும் கிராம் கணக்கு இருந்தது. நான்காவது நாளைப் படிக்கும்போது டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இவ்வளவையும் இவர் ஒருத்தரே குடிச்சாரா?"

"ஆமா. நான் மூணு வாய்தான்."

"இது நல்ல ஆளுங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. இவருக்கு இது விஷம் மாதிரி. யார் குடிக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. புத்தகத்தில் இருந்தது, அவள் அரைத்தாள், டம்ளரில் ஊற்றினாள், வீணாகாமல் போனதே என்று சந்தோஷப்பட்டாள். நடைபாதையில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தவள், கணவர் வேலையிலிருந்து வந்து தோளைத் தொடும்வரை எழுந்திருக்கவில்லை.

ஊசி போட்டு, இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாம் நாள் அண்ணன் முகம் தெளிந்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. லாரி கம்பெனியில் ஓய்வு பெறும்போது எடுத்த பரிசோதனையிலேயே சிறுநீரகம் பலவீனம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்களாம். உணவில் கவனம் வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்களாம். அந்தக் காகிதத்தை மடித்து ரேடியோவுக்கு அடியில் வைத்துவிட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்கவும் தெம்பில்லை.

"ஏன் சொல்லலண்ணா?"

அண்ணன் தன் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தபடி சொன்னார். "சொன்னா எனக்குன்னு தனியா ஒண்ணு சமைக்க ஆரம்பிச்சிடுவே. ஒவ்வொண்ணையும் மூணு தடவ பண்ணிட்டு நீ படற பாட்ட நான்தான பாக்கறேன். நாலாவதா நான் வேறயா?"

"அதுக்கு இப்படியா?"

"கீரைதானே பாப்பா. கீரை ஆள அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இனி அவருக்குக் காய்கறி எதுவானாலும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று பதினோரு வருடமாக எத்தனை புத்தகத்தில் படித்திருப்பாள்! இப்போது தினமும் அந்தச் சத்தை வடிகட்டிச் சாக்கடைக்கு அனுப்பினாள்.

எடிட்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். அண்ணன் உடம்பைப் பற்றி உண்மையாகவே விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, படிவங்கள் எப்போது வரும் என்றார். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: சாறு அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்று. அதைச் சேர்த்தால் படிவம் தருகிறேன், இல்லாவிட்டால் பதினான்கு குறிப்புக்கும் என் கையெழுத்து இல்லை என்றாள் அவள். படிவம் இல்லாத குறிப்பை அச்சிடக் கூடாது என்பது பதிப்பகத்தின் விதி. எடிட்டர் பெருமூச்சு விட்டு, ஆசிரியரிடம் பேசுகிறேன் என்றார். ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு நாளில் தகவல் வந்தது. நான்காம் நாள் வலைப்பூக்காரரே நேரில் வந்துவிட்டார்.

படத்தில் பார்த்ததற்கும் நேரில் பார்த்ததற்கும் சம்பந்தமில்லை. ஒடிசலான பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம், மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அண்ணன் மேஜையில் வெந்த கேரட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். வந்தவர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். தனக்கு வருடக்கணக்காகத் தீராத சோர்வு இருந்ததையும், இந்தச் சாறுகள்தான் தன்னை எழுப்பி உட்கார வைத்ததையும் சொன்னார். பொய் சொல்கிறவரின் குரலாக அது இல்லை.

"எனக்கும் வேற கிட்னி இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருக்கும்மா" என்றார் அண்ணன். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார். வந்தவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"தினமும் நாலு டம்ளர் குடிங்கன்னு நான் எங்கயும் எழுதலையே" என்றார் அவர், அவளைப் பார்த்து.

"எழுதல. யாருக்கு வேணாம்னும் எழுதல. எனக்கு அந்த ஒரு வரி போதும்."

"அந்த வரியப் பாத்தா எல்லாருமே பயந்துடுவாங்க. யாரும் செஞ்சே பாக்க மாட்டாங்க."

"பயப்பட வேண்டியவங்க பயப்படட்டும். ஊத்திக் குடுத்தது நான். எழுதினது நீங்க. குடிச்சவரு வாய் தொறக்கல. மூணு பேருமே நல்லது பண்றதா நெனச்சுதான் பண்ணினோம். அதனாலதான் எழுதி வெக்கணும்னு சொல்றேன்."

வந்தவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது, கேரட்டை எத்தனை நிமிடம் வேகவைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து எடிட்டர் அனுப்பிய தாளில் ஒரு வரிக்குப் பதில் ஆறு வரி இருந்தது. யார் யார் குடிக்கக் கூடாது, ஏன், டாக்டரிடம் எதைக் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும் என்று. வலைப்பூக்காரர் தானே ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கியதாம். அவள் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது. அவள் மீதமிருந்த ஏழு தடவையையும் அரைத்துப் பார்த்து, மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றிவிட்டு, படிவங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஒரு பாரத்தைக் கீழே வைத்தால் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்குமே, அப்படி இருந்தது.

புத்தகம் வந்தபோது அந்த ஆறு வரியும் அத்தியாயத்தின் தொடக்கத்தில் இல்லை. பக்கத்தில் இடம் போதவில்லை என்று பதினான்காவது சாற்றுக்குப் பிறகு, சிறிய எழுத்தில் தள்ளியிருந்தார்கள். அவள் எடிட்டரைக் கூப்பிட்டாள். அவர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த பதிப்பில் மேலே கொண்டுவந்தும் விட்டார். வலைப்பூக்காரர் அதுவரை காத்திருக்காமல், தன் வலைப்பூவில் சாறுகள் இருந்த எல்லாப் பக்கங்களிலும் அந்த வரிகளை உச்சியில் போட்டிருந்தார். முதல் பதிப்பை வாங்கிப் போனவர்களில் யார் வீட்டில் யார் சிங்க்குக்கு முன் நின்று குடிக்கிறார்களோ என்று அவளுக்குச் சில நாள் தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்கு அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

புதிய புத்தகம் ஒன்று வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணனுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை ஒரு சனிக்கிழமை. கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். அதே டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, குணமாகவில்லை, ஆனால் மோசமாகவும் இல்லை, இப்படியே போனால் பல வருடம் ஓட்டலாம் என்றார். ஓட்டுவது நமக்குப் பழக்கம்தானே என்றார் அண்ணன். மூவரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அவள் பாலில் ரொட்டியை நனைத்து ஆளுக்கு இரண்டு துண்டு வைத்தாள். யாரும் ருசியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மூவரும் சாயங்காலம்வரை தூங்கினார்கள்.