மூடிய கண்களை வரைகிறவள்

ஒரு வெள்ளைத் தாள். வடக்கு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அக்டோபர் மழை.

தண்ணீரில் நனைத்து, பலகையில் பரப்பி, நாலு ஓரமும் பசை நாடா ஒட்டிக் காயவைத்த தாள். காயக் காய மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொண்டது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் டெர்வ்லா அதை ஒட்டினாள். அப்பாவின் முகத்துக்காக ஒட்டினாள். அன்று விடியற்காலையில்தான் அப்பா அயர்லாந்தில் இறந்துபோயிருந்தார்.

தம்பி கார்மக் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து கூப்பிட்டான். “அப்பா போயிட்டாரு, டெர்வ்லா. நாளைக்கு வீட்டுக்குக் கொண்டு வர்றோம். நீ வந்துரு.” வந்துடறேன் என்றாள். அவன் போனை வைத்தான். அவளும் வைத்தாள்.

அடக்கம் என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

*

ஜெர்மனியில், லைப்ஸிக் நகரத்தில், பழைய பஞ்சாலை ஒன்றின் மூன்றாவது மாடியில் டெர்வ்லாவின் ஓவியக்கூடம். வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு கோடைகாலம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள்.

அவள் தூங்குகிறவர்களை வரைகிறவள். டிராமில் தூங்குகிறவர்கள், பூங்கா பெஞ்சில் தூங்குகிறவர்கள், மருத்துவரின் காத்திருப்பு அறையில் வாய் பிளந்து தூங்குகிறவர்கள். மூடிய இமையை இவளைப்போல் வரைய ஆளில்லை என்று ஜெர்மன் பத்திரிகையில் எழுதினார்கள். அதைக் கத்தரித்து அப்பாவுக்கு அனுப்பினாள். அவருக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தும் ஊர் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஆனால் அந்த மனுஷனை மட்டும் அவளால் வரைய முடிந்ததில்லை. ராஸ்காமன் மாவட்டத்தில் மாடு வளர்த்தவர். காலில் சக்கரம். உட்கார் என்றால் எழுந்திருப்பார். நாற்காலியில் பிடித்து உட்காரவைத்தால், கன்றுக்குட்டி கத்துது பார் என்று ஓடிவிடுவார். தூங்கும்போது பிடிக்கலாம் என்று பார்த்தால், அவர் எப்போது தூங்குகிறார் என்பதே யாருக்கும் தெரியாது.

இருபத்து மூன்று வருஷத்தில் பதினோரு படம். பதினொன்றும் பாதி முகம். ஒன்றில் வெறும் காது.

போன கோடையில் அவரே ஒரு வழி சொன்னார். “என்னை அசையாம பிடிக்கணும்னா ஒரே வழிதான். நான் செத்ததும் வந்து வரை. பெட்டிக்கு மூடி போடறதுக்குள்ள வந்துரு. அதுக்கப்புறம் என்னைக் குறை சொல்லாதே.” எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அப்பா சிரிக்காமல் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

*

ஜெர்மனியில் சாவுக்கு அவசரம் கிடையாது.

பிப்ரவரியில், பக்கத்து அறையில் அச்சு எந்திரம் வைத்திருந்த ரைன்ஹோல்ட் இறந்தார். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுப்புக் கரை போட்ட ஒரு கடிதம் தபாலில் வந்தது. நாள், நேரம், எந்தக் கல்லறைத் தோட்டம், எந்த வாசல். எல்லாம் அச்சடித்திருந்தது.

அந்த மூன்று வாரத்தில் டெர்வ்லா அழுது முடித்து, கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போட்டு வாங்கி, ஒழுங்காகப் போய் நின்றாள். இது நல்லதாக இருக்கிறதே என்று நினைத்தாள். இறந்தவர் காத்திருப்பார். எல்லாரும் காத்திருப்பார்கள். நாள் வரும்.

ரைன்ஹோல்டுக்கு முன் இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லாரும் அப்படியே. நாள் வரும். நாள் வரும். மழை கல்லில் இறங்குவது மாதிரி அந்த வழக்கம் அவளுக்குள் இறங்கிவிட்டிருந்தது. அவளுக்கே தெரியாது.

*

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அதே பஞ்சாலையின் தரைத்தளத்தில், அவளுடைய கண்காட்சித் திறப்பு. இரண்டு வருஷ உழைப்பு. நாற்பது தூங்கும் முகங்கள்.

அதை முடித்துவிட்டு, நாள் தெரிந்ததும், தாளும் பலகையுமாகக் கிளம்பிவிடலாம். செவ்வாய்க்கிழமை இப்படித்தான் கணக்குப் போட்டாள். மனசு உறுத்தவே இல்லை. அதுதான் பயங்கரம்.

புதன்கிழமை கார்மக்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எப்ப வர்றே என்று கேட்டிருந்தான். படம் மாட்டிக்கொண்டிருந்த ஏணி மேல் நின்றபடி பதில் தட்டினாள். சீக்கிரம் வந்துடறேன்.

வியாழக்கிழமை அவன் இரண்டு முறை கூப்பிட்டிருந்தான். பஞ்சாலைச் சுவர் ஒரு முழம் தடிமன், உள்ளே செய்தி வரும், அழைப்பு வராது. சாயங்காலம் பார்த்தாள். நாள் முடிவாகியிருக்கும், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்துத் திருப்பிக் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. வீடு நிறைய ஜனம் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

*

வெள்ளி மாலை. மழை விட்டு, ஈரத் தரையில் மஞ்சள் வெளிச்சம். ஜனம் நிறைய வந்திருந்தது. கறுப்பு உடையில், கையில் ஒரு கோப்பை ஒயினோடு, டெர்வ்லா தன் நாற்பது முகங்களுக்கு நடுவே நின்றிருந்தாள்.

அப்போது ஃபெர்கல் உள்ளே வந்தான்.

ஃபெர்கலும் அயர்லாந்துக்காரன்தான். பக்கத்து ஊர். பழைய டிராம் தண்டவாளத்தை உருக்கிச் சிற்பம் செய்கிறவன், எருமை மாதிரி உடம்பு. கடவுள் நம்பிக்கை துளிகூடக் கிடையாது. ஆனால் ஊர்ப்பக்கத்துச் சர்ச்சுகள் கேமரா வைத்து நேரலையில் காட்டும் பூசைகளை ஒன்று விடாமல் பார்ப்பான். யார் பெருத்திருக்கிறார்கள், யாருக்கு வழுக்கை விழுந்திருக்கிறது என்று பார்க்கத்தானாம்.

அவன் கோட்டைக் கழற்றினான். திரும்பினான். அவளைப் பார்த்தான். கோட்டு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“டெர்வ்லா? நீ எப்படி இங்க?”

“என் கண்காட்சிக்கு நான் வராம வேற யாரு வருவா?” என்று சிரித்தாள்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. “நீ ஊர்ல இருக்கேன்னு நினைச்சேன். நீ இல்லாத குறைக்கு நாம போய் நிப்போம்னுதான் வந்தேன்.”

“போகணும். இன்னும் நாள் சொல்லலை.”

ஃபெர்கல் சுற்றுமுற்றும் பார்த்தான், வேறு யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்பதுபோல. யாரும் இல்லை. “அடிப்பாவி. மத்தியானம் அடக்கம் முடிஞ்சுது. நான் பார்த்தேன்.”

*

மூன்றாம் நாள்.

அம்மாவை மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள். பெரியப்பாவை மூன்றாம் நாள். பால்காரரை, பள்ளிக்கூடத்து டீச்சரை, ஆற்றில் மூழ்கிப்போன அண்ணன் தம்பிகளை, எல்லாரையும் மூன்றாம் நாள். டெர்வ்லாவே அந்த வீடுகளுக்கெல்லாம் தட்டு நிறைய சாண்ட்விச் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அங்கே யாரும் யாருக்கும் நாள் சொல்வதில்லை. சனிக்கு அடுத்தது ஞாயிறு என்று யாராவது சொல்வார்களா? செத்த நாள் கணக்கில் வராது. அடுத்த இரண்டு நாளும் வீட்டில், திறந்த பெட்டியில், ஊரே வந்து பார்க்கும். மூன்றாம் நாள் மண். நடக்கத் தெரிந்த குழந்தைக்குத் தெரியும்.

அவளுக்கும் தெரியும். தெரிந்தது எங்கே போயிற்று? மறந்துவிட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இடத்தில் வேறொன்று வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. கறுப்புக் கரை போட்ட ஒரு கடிதம்.

ஒயின் கோப்பை சாய்ந்து சட்டைக் கையில் ஊற்றிக்கொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. சுவரில் நாற்பது பேர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது.

ஃபெர்கல் பேசிக்கொண்டே இருந்தான். அவனுக்கு வாயை மூடத் தெரியவில்லை. “முன் வரிசையில உன் தம்பி பக்கத்துல ஒரு இடம் தெரிஞ்சுது. காலியா இருந்துச்சு. தூண் மறைக்குதுன்னு நினைச்சேன். நீ தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கேன்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் அப்படியே நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், டெர்வ்லா.” சொல்லிவிட்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க, அவள் அழுவதற்கு முன் அவன் அழுதான்.

*

முற்றத்தில் மறுபடி மழை. டெர்வ்லா மழையில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். இந்த முறை எடுத்தான். பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம், பேச்சு, யாரோ சிரிப்பது.

“டெர்வ்லா, எங்க இருக்கே? பிளேன் கிடைக்கலையா? எல்லாரும் கேட்டாங்க. வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன்.”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிளேன் கிடைக்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம், அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். அவளுக்கு வாய் வரவில்லை.

“நாள் சொல்வேன்னு காத்துக்கிட்டு இருந்தேன், கார்மக்.”

“நாளா?” அவனுக்குப் புரியவில்லை. புரிய ரொம்ப நேரம் பிடித்தது. அதுவரை மழை பெய்தது. “மூணாம் நாள்தானே, டெர்வ்லா. எப்பவும் மூணாம் நாள்தானே.”

“என்னைத் திட்டுடா. ரெண்டு வார்த்தை திட்டிடு.”

“திட்டத் தெம்பில்லை. மூணு நாளாத் தூங்கலை நான்.” மூச்சு விட்டான். “காலையில பத்தே கால் வரைக்கும் மூடி போட விடலை. ஃபாதர் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு நின்னாரு. நீ வரலை. யாராவது வரைஞ்சாகணுமே. நான் வரைஞ்சுட்டேன்.”

“நீயா?”

“நான்தான். பென்சில்கூட அவர் கோட்டுப் பையிலேயே இருந்துச்சு. உனக்காக அவரே வாங்கி வச்சிருக்காரு. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே செத்தா அந்தக் கோட்டைத்தான் போட்டு அனுப்பணும்னு சொல்லியிருந்தாரு. வரைஞ்சு முடிச்சு அவர் பையிலேயே திரும்ப வச்சுட்டேன்.”

கார்மக் வாழ்க்கையில் ஒரே ஒரு படம் வரைந்தவன், ஏழு வயதில். பசுமாடு. அதை எல்லாரும் மேசை என்று நினைத்தார்கள்.

“அனுப்பு” என்றாள்.

“சிரிக்கக் கூடாது.”

*

சனிக்கிழமை காலை. மதியம் பெர்லினிலிருந்து டப்ளினுக்கு விமானம். யாரைப் பார்க்கப் போகிறாள்? மண்ணைப் பார்க்கப் போகிறாள். பையை எடுக்க ஓவியக்கூடத்துக்கு வந்தாள்.

மழை விட்டிருந்தது. வடக்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம், நிழலே விழாத வெளிச்சம். முகம் வரைய இதைவிட வெளிச்சம் கிடையாது. அதில் அந்த வெள்ளைத் தாள், செவ்வாய்க்கிழமை ஒட்டியபடி. விரலால் தட்டினாள். சத்தம் வந்தது.

போனில் படம் வந்திருந்தது.

பால் பண்ணைக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். முன்பக்கத்துத் தேதிகள் லேசாகத் தெரிந்தன. உருளைக்கிழங்கு மாதிரி ஒரு தலை. மூக்கு ஒரு பக்கம் இழுத்திருந்தது. காது இரண்டும் இரண்டு அளவு. தலைமுடி, வைக்கோல். சிரிப்பு வந்தது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகுதான் கண்களைப் பார்த்தாள்.

திறந்திருந்தன.

பெட்டியில் படுத்திருக்கிறவரைக் கண் திறந்து வரைந்திருக்கிறான். இரண்டு வட்டம், நடுவில் இரண்டு புள்ளி. அழுத்தி அழுத்தி வரைந்ததில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. அந்த இரண்டு புள்ளிகளும் நேராக அவளைப் பார்த்தன. அப்பாவேதான். கன்றுக்குட்டி கத்தினால் எழுந்து ஓடுவதற்கு முன் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

கீழே கார்மக் எழுதியிருந்தான். மன்னிச்சுக்கோ. மூடின கண்ணு எனக்கு வரைய வரலை.

டெர்வ்லா தரையில் உட்கார்ந்தாள். மூடிய கண்ணை வரைய அவளுக்குத் தெரியும். அதில்தான் பேர் வாங்கினாள், சோறு தின்றாள். தெரிந்தவள் அங்கே இல்லை. இருந்தவனுக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதாள், பக்கத்து அறைகளுக்குக் கேட்கும்படி.

அப்புறம் எழுந்தாள். கை பழக்கத்தில் பென்சிலை எடுத்தது. வெள்ளைத் தாளில் அதைத் திருப்பி வரையலாம். மூக்கை நேராக்கலாம். காதைச் சரி செய்யலாம். இமை இரண்டையும் மெல்ல இறக்கிவிடலாம், நாலு கோடு போதும். பென்சில் முனை தாளைத் தொடும் தூரத்தில் நின்றது. கீழே வைத்துவிட்டாள்.

போனை எடுத்து வெள்ளைத் தாளின் நடுவே வைத்தாள். வடக்கு ஜன்னல். வெளிச்சம். அப்பா அவளைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அசையாமல் பார்த்தார். திரை மங்கி, தானாக அணைந்தது.

விரலால் தொட்டாள். மறுபடி கண் திறந்தார்.

மறுபடி அணைந்தது. மறுபடி தொட்டாள். கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.