இருபத்தெட்டு சைஸ்

2006ஆம் வருடம் ஆயுத பூஜையன்று பகல் பன்னிரண்டேகாலுக்கு, ஓசூர் சிப்காட்டில் பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியின் முன்வாசலில், குரூப் போட்டோவுக்கு நின்ற நூற்று அறுபத்து மூன்று பேரில் கோவிந்தப்பன் என்கிற ஒப்பந்தத் தொழிலாளி இருபத்தெட்டு சைஸுக்குக் குறைந்தான். அதுவரை அவன் நாற்பத்திரண்டு சைஸ். போட்டோக்காரர் மூன்று எண்ணி முடிப்பதற்குள் நடந்துவிட்டதால் படத்திலேயே பதிந்துவிட்டது. இரண்டாவது வரிசையில் இரண்டு தோள்களுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதற்குக் கீழே முன்வரிசைக்காரரின் முழங்கையை ஒட்டி, மீசை வைத்த ஒரு சின்ன முகம். டீ-ஷர்ட் அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. பேன்ட்தான் இடுப்பில் நிற்கவில்லை.

அந்த டீ-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தவள் டைம் ஆபீஸ் பூங்கொடி. அருப்புக்கோட்டைக்காரி. கல்யாணமாகி ஓசூருக்கு வந்து ஆறு வருடத்தில், வருகைப் பதிவேடு, பஸ் பாஸ், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் என்று யாருக்கும் சொந்தமில்லாத வேலைகள் எல்லாம் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தன. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு டீ-ஷர்ட் எடுப்பதும் அப்படி வந்ததுதான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு சைஸ் கேட்டு, பட்டியல் போட்டு, திருப்பூர் ஏஜென்டுக்கு ஃபேக்ஸ் அனுப்புவாள். நீலத்துணி, ஆரஞ்சுக் காலர், இடது மார்பில் நூலால் தைத்த கம்பெனிப் பெயர். பெண்களுக்கு டீ-ஷர்ட் கிடையாது, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

சைஸ் கேட்டால் தன் சைஸைச் சொல்கிறவன் அந்தக் கம்பெனியில் பாதிப்பேர்கூட இல்லை. மச்சானுக்கு, தம்பிக்கு, வீட்டு ஓனர் பையனுக்கு என்று மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். கம்பெனி டீ-ஷர்ட் என்பது ஊருக்கு எடுத்துப் போவதற்கு. அதைத் தானே போட்டுக்கொண்டு திரிபவனைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். பூங்கொடிக்கும் இது தெரியும், சொன்ன சைஸை எழுதிக்கொள்வாள். அந்த வருடம் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் டீ-ஷர்ட் உண்டு என்று முதல் முறையாக அறிவித்தார்கள். பதினோரு வருடம் ஒப்பந்தத்திலேயே ஓட்டிவிட்ட கோவிந்தப்பன் அவள் மேஜை முன்னால் வந்து நின்று, இருபத்தெட்டு என்றான். அவனுடைய தோளைப் பார்த்துவிட்டு, பாப்பாவுக்கா அண்ணே என்று கேட்டாள். நாலாவது படிக்கிற ஹரிணிக்கு அப்பாவின் கம்பெனிப் பெயர் போட்ட சட்டை வேண்டுமாம். அதைச் சொல்லும்போது அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்ப குரூப் போட்டோ எடுக்க வேண்டும், எல்லாரும் ஒரே டீ-ஷர்ட்டில் நிற்க வேண்டும் என்ற சுற்றறிக்கை, சரக்கு வந்து இறங்கிய பிறகுதான் ஒட்டப்பட்டது. பூஜையன்று கோவிந்தப்பன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பர்சனல் மேனேஜர் சௌந்தரராஜன், போட்டால் நில், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே என்றார். வரிசையில் நின்றபடியே தலையை நுழைத்தான், ஒரு கையை நுழைத்தான், மற்றது தானாக நடந்தது. மாமனாருக்காக நாற்பத்து நான்கு எழுதிய அண்ணாதுரைக்கு அன்றைக்கே பெல்ட் எட்டவில்லை. தம்பிக்காக முப்பத்தாறு எழுதிய முத்துமணிக்குத் தொப்பை போய்விட்டது, அவன் சந்தோஷமாகப் பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

கோவிந்தப்பனைச் சோதித்த டாக்டர், உயரம் நாலடி இரண்டங்குலம், எடை இருபத்தெட்டு கிலோ, மற்றபடி குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார். சட்டையைக் கழற்றினாலும் உடம்பு திரும்பவில்லை. கெலமங்கலத்தில் அவன் பெண்டாட்டி முனிலட்சுமி தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுடைய பேன்ட்டுகளைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தாள். அந்த டீ-ஷர்ட்டை மட்டும் அவள் வெந்நீரில் போடவே இல்லை. துணி இன்னும் சுருங்கிவிட்டால் மனுசன் என்ன ஆவான் என்று பயம்.

சைஸ் கேட்டதும் பூங்கொடிதான், எழுதியதும் அவள் கை. எழுதியதால் வந்தது எழுதினால்தான் போகும் என்று கணக்குப் போட்டு, அடுத்த ஆர்டரில் அவன் பெயருக்கு நேரே நாற்பத்திரண்டு போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வருடம் பொறுத்திருந்தாள். அந்த ஒரு வருடத்தில்தான் கம்பெனி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. பெயின்ட் அடிக்கும் அறையான பூத்தின் மேலே புகையை இழுக்கும் தகரக் குழாய்க்குள் பெயின்ட் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை லைனை இரண்டு நாள் நிறுத்தி, குழாயைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். கோவிந்தப்பன் ஒரு சுரண்டியும் டார்ச்சுமாக உள்ளே போய் லஞ்ச் நேரத்துக்குள் முடித்துவிட்டு வந்தான். வெளியே வந்தபோது தலைமயிர் நீலமாகியிருந்தது. பெயின்டைக் கரைக்கும் தின்னரின் வாடை மூன்று நாள் மூச்சில் இருந்தது. நிர்வாகம் அவனை நிரந்தரமாக்கியது. பதினோரு வருடம் கேட்டுக் கிடைக்காத கடிதம், பி.எஃப். எண்ணோடு, கையில் வந்தது.

2007 பட்டியலில் பூங்கொடி எழுதிய நாற்பத்திரண்டை சௌந்தரராஜன் சிவப்பு மையால் அடித்து இருபத்தெட்டு என்று திருத்தினார். அவர் கெட்ட மனுசர் என்று சொல்ல முடியாது, யாரையும் அவன் இவன் என்று பேசினாலும் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிறவர். இப்படித் திருத்தினால் கோவிந்தப்பன் அண்ணன் ஜென்மத்துக்கும் வளரமாட்டாரே சார் என்றாள் பூங்கொடி. வளர்ந்து என்னம்மா செய்யப் போகிறான் என்று கேட்டுவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். அன்று பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்துதான் ஃபேக்ஸ் அனுப்பினாள்.

அதற்குள் சேதி பரவிவிட்டது. கெலமங்கலத்திலிருந்தும் சூளகிரியிலிருந்தும் சிங்காரப்பேட்டையிலிருந்தும் வந்து ஐந்து, எட்டு வருடமாக ஒப்பந்தத்தில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் மேஜைக்கு வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, இருபத்தெட்டு என்றார்கள். முதலில் வந்த கங்கப்பனை அவள் திட்டி அனுப்பினாள். அவன் போய் சௌந்தரராஜனையே கூட்டிக்கொண்டு வந்தான். பிறகு யாரையும் திட்டவில்லை. கம்பெனிக்கு நான்கு பூத், குழாய்கள் நிறைய.

2008இல் அவள் ஒரு திருட்டு வேலை செய்தாள். பட்டியலில் சேர்க்காமல், ஏஜென்டுக்குப் போன் போட்டு, சாம்பிள் என்று ஒரே ஒரு நாற்பத்திரண்டு கேட்டாள். அவர் அதைப் பெட்டியின் அடியில் வைத்து அனுப்பியிருந்தார். அதை டிபன் பையில் மடித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் பஸ் ஏறிக் கெலமங்கலம் போனாள். கோவிந்தப்பன் கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். ஆறாவது படிக்கிற ஹரிணி அவனைவிட நாலு விரற்கடை உயரமாகி, அவனுக்கு எட்டாத அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். முனிலட்சுமி சட்டையை விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அதற்குள் ஒரு முழு ஆள் இருந்த இடம் அவளுக்குத் தெரிந்தது. போட்டுக்கொள்ளச் சொல்லி அவன் மடியில் வைத்தாள்.

கோவிந்தப்பன் காலரைத் தடவினான்.

"வேணாங்க மேடம்," என்றான். "பெருசாயிட்டா குழாய்க்குள்ள நொழைய முடியாது. நொழையலன்னா என்ன எதுக்கு வச்சிக்குவாங்க? பொண்ணு படிக்குது."

"இருமலப் பாருங்கண்ணே. உள்ள போயிப் போயி ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"பெருசா இருந்தப்பவும் ஒடம்பு ஒண்ணும் நல்லா இல்லீங்க. ஆனா அப்ப பர்மனென்ட் இல்ல."

இரண்டு வருடமாகப் பூங்கொடியைத் தின்றுகொண்டிருந்த குற்றத்தைத் தீர்த்துவிடலாம் என்று வந்தவள், அது தீரப்போவதில்லை என்று தெரிந்து, காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனிலட்சுமியும் அவனோடு வாதாடவில்லை. தண்ணீர்க் குடம், ரேஷன் மூட்டை, கேஸ் சிலிண்டர், மழைக்கு ஓடு மாற்றுவது எல்லாம் இரண்டு வருடமாக அவள் ஒருத்தியின் தலையில்தான் இருந்தன. அவள் முப்பத்தாறு சைஸ்கூட இருக்கமாட்டாள். மடியிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

வெளியே வரும்போது நிலைப்படியில் தலையைக் குனிந்து வந்தாள். புடவைக்கு மேலே நீலச் சட்டை அவள் தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. ரவிக்கைத் தையல் விட்டுப்போன சத்தத்தைப் பூங்கொடி கேட்டிருந்தாள்.

"வீட்டுல ஒருத்தராவது பெரிய ஆளா இருக்கணும்ல," என்றாள் முனிலட்சுமி.

கோவிந்தப்பன் அவளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஹரிணி அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். பூங்கொடிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

2009 ஆர்டரில் பூங்கொடி சாம்பிள் கேட்கவில்லை. ஏஜென்டே போன் செய்து, இருபத்தெட்டு சைஸில் பத்தொன்பது உருப்படி போட்டிருக்கிறீர்கள், ஸ்கூலுக்கா மேடம் என்று விசாரித்தார். இல்லை, கம்பெனிக்குத்தான் என்றாள். இன்னொரு விஷயம், கெலமங்கலம், சூளகிரிப் பக்கமிருந்து பெண்கள் போன் செய்து இதே கலரில், இதே பெயர் தைத்து, நாற்பத்திரண்டு சில்லறையாகக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்றார். கொடுங்கள் என்றாள் பூங்கொடி.

கம்பெனி பஸ் கெலமங்கலத்துக்குக் காலை ஆறே காலுக்கு வரும். முனிலட்சுமி கோவிந்தப்பனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள், அவன் கையில் டிபன் பாக்ஸும் சுரண்டியும் இருக்கும். முதல் படி அவனுக்கு எட்டாது. அவள் ஏற்றிவிட்டு, நழுவிய அவன் காலரைச் சரிசெய்துவிட்டு நகர்வாள், பின்னால் வரிசையில் நிற்கிற பெண் தன் புருசனோடு முன்னே வருவாள். அத்தனை பேரும் ஏறும் வரை டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். இதனால் பஸ் தினமும் ஏழு நிமிடம் தாமதமாக வந்தது. பூங்கொடி அந்த ஏழு நிமிடத்தை யாருடைய பெயரிலும் லேட் போடவில்லை.