தகட்டில் அடித்த பன்னிரண்டு சொற்கள்

"இப்போ நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோங்க," என்று எஃகுத் தகட்டை அவன் கையில் வைத்தாள் மனைவி. "நீங்களே திறங்க."

"முதல்ல வாயைக் கழுவு!"

"செத்தவ எப்படிக் கழுவுவா?" கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

வீடு வாங்கச் சேர்த்ததெல்லாம் பிட்காயினாக ஒரு நிறுவனத்தின் கணக்கில் கிடந்தது. சாயங்காலம் அதைத் தங்கள் போனில் உள்ள வாலட் என்னும் பணப்பைச் செயலிக்கு மாற்றுவதாக ஏற்பாடு. அதன்பின் போன் தொலைந்தால், வாலட்டைத் திறக்க இந்தத் தகட்டில் உள்ள பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை விட்டால் வேறு வழியில்லை. எந்த மேலாளரிடமும் போய் அழ முடியாது.

"போட்டோ எடுத்து வெச்சா முடிஞ்சது" என்று பேருந்து ஓட்டுநரான அவன் சொல்லியிருந்தான். "போனைத் திருடுறவன் கண்ணை மூடிக்கிட்டா திருடுவான்?" என்று கேட்டாள். இயந்திரங்களுக்குப் பெயர்த்தகடு அடிக்கும் பட்டறையில் வேலை அவளுக்கு. ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் தகட்டில் இறக்கிவிட்டாள். பிறகு ஒத்திகைக்காக வாலட்டில் கொஞ்சம் சில்லறை போட்டு, காலையில் அந்த வாலட்டையே போனிலிருந்து அழித்தும் விட்டாள்.

இப்போது அவன் தகட்டைப் பார்த்துச் சொற்களைப் போனில் தட்டினான். தவறு என்றது போன். மறுபடி நிதானமாகத் தட்டினான். மறுபடியும் தவறு. வீட்டுப் பணமும் ஏற்கெனவே இதற்குள் போயிருந்தால்?

"ஏய், செத்தவளே! உள்ள வா."

அவன் மறுபடி படித்துக் காட்ட, தகட்டில் அவன் விரல் போகும் திசையைப் பார்த்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தான்.

"பட்டறைப் பழக்கம். ரெண்டு வரிசையா மேலிருந்து கீழே அடிச்சிருக்கேன். நீங்க பக்கவாட்டுல படிக்கிறீங்க. எனக்கு மட்டும் புரிஞ்சா போதுமா? தப்பு என்னோடதுதான்."

சுத்தியலை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எண் அடித்தாள். மறுபடி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

எண் பார்த்துத் தட்டினான். வாலட் திறந்தது. போட்ட சில்லறை அப்படியே இருந்தது.

உடனே கூப்பிடத் தோன்றவில்லை. புதிதாக அடித்த எண்களை விரலால் தடவிக்கொண்டிருந்தான். வீட்டைப் பற்றி அவன் யோசித்த நேரமெல்லாம், அந்த வீட்டில் அவன் தனியாக நிற்க நேரும் ஒரு நாளையும் இவள் யோசித்திருக்கிறாள்.

"என்ன, சத்தமே இல்லை?" என்றது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல்.

"திறந்துடுச்சு. நீ பிழைச்சுட்ட, வா. பணத்தை மாத்திடலாம்."