சிங்கங்களுக்கு நடுவில் ஒரு ஹாரன்

ஹார்ல்டன் பிரபுவின் மாளிகைக் கூரை ஒழுகியது. வரி கழுத்தை நெரித்தது. ஒரு சர்க்கஸ்காரரைக் கூட்டு சேர்த்துக்கொண்டு, மான் மேய்ந்த தன் பூங்காவில் சிங்கங்களை அவிழ்த்துவிட்டார். சிங்கம் வெளியே, காசு கொடுத்த மனிதர்கள் காருக்குள். ஊரே கொதித்தது. எல்லோரையும்விட உயரமாகக் குதித்தவன் அந்த ஊர்க்காரி எனிடின் கணவன் கிளிஃபோர்ட். ஆட்டைத் தின்னும், ஆளைத் தின்னும் என்று பத்திரிகைக்கு எழுதிப் போட்டான்.

அப்புறம் புதுக் கார் வாங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஐயாவுக்குச் சிங்கம் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. சொந்தக் காரில் உட்கார்ந்து, சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சிங்கத்தின் மூஞ்சியைப் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனிடுக்கு வரவில்லை. அவளுக்கு மூச்சிழுப்பு நோய். ஜன்னலை மூடிய கார் அவளுக்குச் சவப்பெட்டி.

ஜூலை வெயில். கார்கள் ஊர்ந்தன. சிங்கங்களின் வேலிக்குள் நுழைந்ததும் இன்ஜின் கொதிக்க ஆரம்பித்தது. கிளிஃபோர்ட் ஹீட்டரை முழுசாகத் திருகினான்.

"உனக்கு என்ன பைத்தியமா?"

"இன்ஜின் சூட்டை உள்ள இழுத்துக்கும். கார் ஓட்டத் தெரியாதவங்க வாயை மூடிட்டு இருக்கணும்."

"ஓட்டக் கத்துக்கவே நீ விடலையே."

கார் ஒருமுறை இருமி, நின்றேபோனது. ஹீட்டரை அணைத்தான், வெக்கை அணையவில்லை. ஒரு பெண் சிங்கம் வந்து, எனிடின் கதவோரம் நிழலில் சாய்ந்து படுத்தது.

எதிரே பலகை: 'கார் நின்றால் இறங்காதீர்கள். ஹாரன் அடியுங்கள்.'

"அடி, கிளிஃப்."

"கொஞ்சம் ஆறட்டும். தானா கிளம்பும்."

"எனக்கு மூச்சு முட்டுது. அடி!"

"பின்னால யாருன்னு பாத்தியா?"

பார்த்தாள். அடுத்த வீட்டு டாஸ்கர். புதர்வேலியின் உயரத்துக்காக மூன்று வருஷமாக இவனோடு பேச்சில்லாதவர். அவரும் ஹாரன் அடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வால்போல் நீண்ட வரிசையிலும் ஒருவர்கூட அடிக்கவில்லை. இந்த நாட்டில் ஹாரன் அடிப்பது நடுத்தெருவில் நின்று அடுத்தவனைத் திட்டுவதற்குச் சமம். சிங்கம் வாயில் போட்டுக்கொண்டாலும் மரியாதை கெடக்கூடாது.

"அவன் முன்னாடி நான் ஹாரன் அடிக்கிறதா? சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்."

"அவர் சொல்லிக் காட்டுறது பெருசு. நான் சாகிறது பெருசில்ல, அப்படித்தானே?"

"நாடகம் ஆடாத, எனிட்."

எனிடின் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. அந்தக் கணம் அவள் அவனை வெறுத்தாள், ஒளிவுமறைவில்லாமல் வெறுத்தாள். எட்டி, ஸ்டீயரிங் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் முழங்கையால் அழுத்தினாள். பெண் சிங்கம் அலறியடித்து எழுந்து ஓடியது.

வரிக்குதிரைக் கோடு போட்ட ஜீப் வந்து கதவோடு கதவாக ஒட்டி நின்றது. காவலர் ஜன்னலை இறக்கினார். "யாருங்க ஹாரன் அடிச்சது? என்ன ஆச்சு?"

கிளிஃபோர்ட் சிரித்தான். "மன்னிச்சுக்கங்க. என் மனைவி கை தெரியாம பட்டுட்டுது. எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"தெரிஞ்சுதான் அடிச்சேன்," என்றாள் எனிட். "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

இன்னொரு காவலர் துப்பாக்கியோடு பார்த்து நிற்க, அவள் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குள் தாவினாள்.

"நீங்களும் வாங்க சார். வண்டியை அப்புறம் இழுத்துக்கலாம்."

"வண்டிக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல!"

காவலர் தோளைக் குலுக்கினார். பின்னால் நின்ற கார்களைப் புல்வெளி வழியாகச் சுற்றிப்போகச் சொன்னார். டாஸ்கர் கிளிஃபோர்டைக் கடந்தபோது, மிக மரியாதையாகத் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார்.

வாசலுக்கு வெளியே ஜீப்பின் படியில் உட்கார்ந்து எனிட் காற்றை ஆசைதீரக் குடித்தாள். அப்போது உள்ளேயிருந்து ஹாரன் கேட்டது. ஒருமுறை. அப்புறம் விடாமல்.

காவலர் டீக் கோப்பையை வைத்துவிட்டு ஜீப் சாவியை எடுத்தார். "உங்க வீட்டுக்காரர் போலிருக்கே?"

"இருக்காது," என்றாள் எனிட். "அவர் ரொம்ப மரியாதைக்காரர். தெரியாம கை பட்டிருக்கும். நீங்க முதல்ல டீயைக் குடிங்க."