இடது பாதி நவமணியுடையது

சவரத்தைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. யார் முன்னாலும் சொல்வேன். அது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம். ஈப்போவில், மெங்லெம்பு பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கி உடுப்பு, தொப்பி, மழமழவென்ற முகம். இந்த மூன்றில் எது குறைந்தாலும் எங்கள் மேலாள் கார்த்திகேசு உள்ளே விடமாட்டார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவரைச் சார்ஜன் என்றே கூப்பிடுவோம். காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, புறங்கையால் ஒவ்வொருவன் தாடையையும் தடவிப் பார்ப்பார்.

எனக்குச் சுருட்டை முடி. தலையில் இருந்தால் அழகு, தாடையில் இருந்தால் தண்டனை. ஒட்ட மழித்தால் முடி வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். கழுத்து முழுக்கச் சின்னச் சின்னக் கட்டிகள். சட்டைக் காலர் பட்டாலே எரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிச்சைமுத்து வந்து சேர்ந்தார். தெலுக் இந்தான்காரர். அதற்கு முன்னால் இருமலுக்கு டானிக் விற்றவராம். இப்போது சவர வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் குடியிருந்த புந்தோங்கில் லியாகத் அலி பாய் சாப்பாட்டுக் கடை முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒரு வாளி பச்சைத்தண்ணீரை வைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார். ரொட்டி சாப்பிட வந்தவன் கை கழுவ மறந்து நிற்பான். அப்படி ஒரு பேச்சு.

"சோப்பு எதுக்குலா? நுரை எதுக்கு? வெள்ளைக்காரன் டப்பாவில அடைச்சு வித்தான், நாமளும் பூசிக்கிட்டோம். சுடுதண்ணி வெச்சா தோலு தொளதொளத்துப் போகும். பச்சைத்தண்ணி அடிங்க, நான் காய்ச்சின எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க, தோலை இறுக்கிப் பிடிச்சுக் கீழ இருந்து மேல இழுங்க. ஒரு மயிர் நிக்காது!"

நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முடிந்ததும் தடவிப் பார்த்தேன். பச்சைக் குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. மறுநாள் சார்ஜன் என் தாடையில் கை வைத்துவிட்டு, "இதுலா சேவு!" என்று மற்றவர்களுக்குக் காட்டினார். அடுத்த ஞாயிறே எண்ணெய் வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சன்னாசியும் வாங்கினான்.

மூன்று வாரத்தில் என் கழுத்து பலாப்பழத் தோல் மாதிரி ஆகிவிட்டது.

வாத்தியாரிடம் போய்க் காட்டினேன். அவர் அசரவே இல்லை. "நல்லது தம்பி. உள்ள இத்தனை வருஷமா சேர்ந்த அழுக்கு வெளியாவுது. இன்னும் பத்து நாள் விடாம செய்யுங்க" என்றார். நம்பினேன். வலி அதிகமாக அதிகமாக, அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி நவமணிக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. அவள் ஒரு தனியார் மருத்துவமனையில் அட்டெண்டன். ஆப்பரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கு முடி மழித்து விடுவது அவள் வேலைகளில் ஒன்று. வயிறு, கால், தலை, எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்களின் தாடி. அப்போதே பதினோரு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டியவர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதுதான் புந்தோங்குக்கு வந்தோம்.

"ஏங்க, சீழ் வடியுது. இதை அழுக்குன்னு சொன்னவன் யாரு?" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? ஆம்பளை மூஞ்சி விஷயம்" என்றேன்.

"நான் இதுவரைக்கும் எத்தனை ஆம்பளை மூஞ்சிய சேவ் பண்ணியிருக்கேன்னு தெரியுமா? உங்க வாத்தியாரை விட அதிகம். அதுல ஒருத்தனுக்கும் மறுநாள் சீழ் வெச்சதில்லை. வெச்சா டாக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. உங்க வாத்தியாரை யாரு கேக்கிறா?"

ஆனாலும் மறுநாள் காலையில் கீழிருந்து மேலேதான் இழுத்தேன்.

அடுத்த ஞாயிறு பிச்சைமுத்து கூட்டத்தில், பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பேசினார். "சில பேரு வீட்டுல பொம்பளை பேச்சைக் கேட்டுக்கிட்டு வைத்தியத்தை விட்டுடறாங்க. சவரத்தைப் பத்திப் பொம்பளைக்கு என்னலா தெரியும்?" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய நவமணி எனக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

அவள் மீன் கூடையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனாள்.

"வாத்தியாரே, இவரு என் வீட்டுக்காரரு. இந்த மூஞ்சியில வலது பாதி உங்களுக்கு. உங்க மாதிரி செய்யுங்க. இடது பாதி எனக்கு. என் மாதிரி செய்யறேன். எல்லாரும் பாக்கட்டும்."

யாரோ விசில் அடித்தார்கள். பிச்சைமுத்து சிரித்துக்கொண்டே, "நடுரோட்டுல பொம்பளை கையில ஆம்பளை மூஞ்சியா? தம்பி, உங்களுக்குச் சம்மதமா?" என்று என்னைக் கேட்டார்.

லியாகத் அலி பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "சண்டை வேணாம்மா. கடை வாசல்ல ரத்தம் சிந்தக் கூடாது."

"நான் செய்யற பக்கம் சிந்தாது பாய்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒக்காருங்க."

என்னோடு வேலை செய்கிறவர்கள் நாலு பேர் அங்கே நின்றார்கள். சன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. ஆனால் அவள் அதற்குள் நாற்காலியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். மீன் கூடையைச் சன்னாசியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வாத்தியார் முதலில் செய்தார். பச்சைத்தண்ணீர், எண்ணெய், கழுத்துத் தோலை இறுக்கிப் பிடித்து நாலே இழுப்பு. வேலை முடிந்தது. கைதட்டல்.

நவமணி பாயிடம் சுடுதண்ணீர் கேட்டாள். துண்டை நனைத்து என் இடது கன்னத்தில் ஒற்றி வைத்துக் காத்திருந்தாள். "இட்லி அவிக்கிறாங்கலா!" என்று ஒருவன் கத்தினான். அவள் திரும்பவில்லை. சோப்பைப் பிரஷ்ஷில் நுரைக்க வைத்துப் பூசினாள். முடி எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பக்கமாகவே சின்னச் சின்னதாக ரேசரை நகர்த்தினாள். அழுத்தவே இல்லை. தோட்டத்தில் மரம் வெட்டும்போதும் அவள் கை அப்படித்தான் போகும். பட்டையில் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், கணக்குப் பார்க்கும் கிராணியிடம் ஏச்சு. கட்டி இருந்த இடங்களை அவள் தொடாமலே விட்டாள்.

முடிந்ததும் ஒவ்வொருவனாக வந்து தடவிப் பார்த்தான். வலது பக்கம் வழுவழு. இடது பக்கம் கொஞ்சம் சொரசொர. சந்தேகமே இல்லை, வாத்தியார்தான் ஜெயித்தார்.

"பாத்தீங்களா?" என்று பிச்சைமுத்து கையை விரித்தார்.

"பாத்தோம்" என்றாள் நவமணி. "இன்னைக்கு உங்க பக்கம்தான் வழுவழுன்னு இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலை. புதன்கிழமை சாயங்காலம் இதே எடத்துல மறுபடியும் தடவிப் பாக்கட்டும். நீங்களும் வரணும். வருவீங்களா, இல்ல அதுக்குள்ள வேற ஊருக்குப் போயிடுவீங்களா?"

அத்தனை பேர் முன்னால் அவர் வேறு என்ன சொல்வார்? "வாரேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை வரிசையில் நின்றேன். சார்ஜன் வலது பக்கம் தடவித் தலையாட்டினார். இடது பக்கம் தடவி முகத்தைச் சுளித்தார்.

"என்ன மேன் இது? பின்னால போய் இந்தப் பக்கத்தையும் எடுத்துட்டு வா."

"முடியாது சார்ஜன். புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும் இந்த மூஞ்சியில பிளேடு படாது."

ஆறு வருஷத்தில் அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை நெருங்கி வந்து, "யாரு சொன்னது?" என்றார்.

"என் வீட்டுக்காரம்மா."

அடக்க முடியாமல் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார்ஜனுக்கும் வரவில்லை. குப்பை லாரி வந்து போகும் பின்கேட்டுக்கு என்னை மூன்று நாளைக்கு மாற்றிவிட்டார். வெயிலில், நாற்றத்தில் நின்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானமே வலது பக்கம் விண்விண் என்று தெறிக்கத் தொடங்கியது. இடது பக்கத்தில் முடி வளர்ந்தது. வேறொன்றும் ஆகவில்லை. அந்தக் குப்பை மேட்டில் நின்றபடி இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. முதலில் வாத்தியார் மேல். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை சிரித்த என் மேல்.

புதன்கிழமை சாயங்காலம் மழை தூறிக்கொண்டிருந்தது. பிச்சைமுத்து வரமாட்டார் என்று பந்தயமே கட்டியிருந்தார்கள். வந்தார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

நவமணி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். "அண்ணே, தொட்டுப் பாருங்க" என்று சன்னாசியைக் கூப்பிட்டாள். அவன் வலது பக்கம் கை வைத்ததும் நான் "அய்யோ!" என்று துள்ளினேன். புதிதாகக் கட்டிகள் வீங்கிச் சிவந்திருந்தன. இரண்டில் சீழ். இடது பக்கத்தில் பழைய கட்டிகள்கூட வற்றிப் போயிருந்தன. சன்னாசி தன் கழுத்தையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இவருக்குத் தோலு அப்படி" என்றார் பிச்சைமுத்து. "எல்லாருக்கும் இப்படி ஆகாது."

"ஆகாதுதான். ஆனா இங்க நிக்கிறவங்கள்ல எத்தனை பேருக்குச் சுருட்டை முடின்னு பாருங்க. இந்தத் தோலு உள்ளவங்ககிட்டதானே வந்து பேசறீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "பச்சைத்தண்ணியில கழுவச் சொன்னீங்க. கடைசியா கழுவினா எரிச்சல் அடங்குது, அது நல்லதுதான். நானும் எடுத்துக்கிறேன். எண்ணெயிலயும் குத்தம் இல்லை. தோலை இழுத்துப் பிடிச்சு எதிர்ப்பக்கமா மழிக்கிறதுதான் தப்பு. ஆனா நான் இங்க வந்தது அதுக்கும் இல்லை. தப்பு யாரும் செய்வாங்க. சீழ் வெச்சவன் வந்து காட்டுறப்போ அழுக்குப் போவுது, இன்னும் செய்யின்னு சொன்னீங்களே. அதுக்குத்தான் வந்தேன்."

"பாகான் செராயில நூறு பேரு என்னைப் புகழறாங்கம்மா."

"புகழட்டும். அவங்களையும் மூணு நாள் கழிச்சுப் போய்ப் பாருங்க."

அவர் வாளியிலிருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். பாட்டில்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பிறகு ஆயர் தாவார் பக்கம் அதே நாற்காலியோடு அவரைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் கீழிருந்து மேலேதான் இழுக்கிறார்கள். நான் சார்ஜனிடம் போய், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சவரம், ஒரே தடவைதான், முடி படியும் பக்கம்தான் என்று சொன்னேன். கத்தினார். மெமோ கொடுத்தார். நவமணி வேலை செய்யும் இடத்து டாக்டர் எழுதிய கடிதத்தை மெமோவோடு சேர்த்து ஆபீஸில் கொடுத்தேன். ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் சரி என்றார்கள். வரிசையில் என் முறை வரும்போது சார்ஜன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டிப் போவார்.

ஊர்தான் விடவில்லை. பொண்டாட்டியிடம் தாடையைக் கொடுத்தவன் என்று எனக்குப் பேர் வைத்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதுவரை நானே மழித்துக்கொண்டவன், அந்தப் பேரைக் கேட்ட நாளிலிருந்து அவளையே செய்யச் சொன்னேன். வாசலில் நாற்காலி போட்டு, தெரு பார்க்கத்தான்.

ஒருநாள் அந்தப் பக்கமாகப் போன ஊர்த் தலைவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "நவமணி, வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு செய்யலாம்லா? நாலு பேரு பாக்கிறாங்க."

"உள்ள வெளிச்சம் பத்தாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் என் முகவாயை விரலால் நிமிர்த்தினாள். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, கழுத்தை நன்றாகக் காட்டினேன்.