இழுத்துச் செல்லப்பட்ட நீதிமன்றம்

1

1887 பிப்ரவரி 9 அன்று, டகோட்டாப் பிரதேசத்தின் டெல்வுட் கவுண்டி என்னும் மாவட்டத்தில், நீதிமன்றக் கட்டடம் மில்பர்ன் ஊரிலிருந்து கோர்வின் ஊருக்கு எருதுகளால் இழுத்துச் செல்லப்பட்டது.

எங்கள் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடங்களைப் பற்றி வரலாற்றுக் குழு என்னிடம் ஒரு சிறுநூல் கேட்டது. முதலாவது, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிய குடில்; மழையில் கரைந்தது. மூன்றாவது செங்கல், எரிந்தது. நான்காவதில்தான் இன்று வாகன வரி கட்டுகிறோம். இழுத்துச் செல்லப்பட்டது இரண்டாவது, மரவீடு. அது நகர்ந்தபோது உள்ளே வழக்கு நடந்துகொண்டிருந்தது என்று கேள்விப்பட்டதும் சிறுநூலை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கினேன்.

2

பனி வெண்மையாக, முடிவே இல்லாமல்...

(வேண்டாம். பனி இருந்தால்தான் வீடு சறுக்கும். அதற்கு மேல் பனிக்கு இங்கே வேலையில்லை.)

ஹுல்டா பிரெக்கெயின் கணவன் இறந்துவிட்டான். அவளுடைய நான்கு வயது மகளைத் தன் பொறுப்பில் விடவேண்டும் என்று கணவனின் தம்பி ஆண்டர்ஸ் வழக்குப் போட்டிருந்தான். மகள் யாரிடமோ, இறந்தவனின் நிலமும் அவரிடம். வாதம் ஹுல்டாவுக்குச் சாதகமாக முடிந்து தீர்ப்பு மட்டும் பாக்கி. அப்போது தரை அசைந்தது.

கவுண்டியின் தலைமையிடம் எந்த ஊர் என்ற சண்டை ஓயாததால் அந்த வீட்டைச் சறுக்குமரங்களின் மேலேயே கட்டியிருந்தார்கள். கோர்வின்காரர்கள் எருதுகளைப் பூட்டிவிட்டார்கள். ஓட்டியவன் ஆண்டர்ஸ். கோர்வினில் வேறு நீதிபதி. மில்பர்ன் எல்லையைத் தாண்டிவிட்டால் வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.

3

நீதிபதி புரூயிட்டை முதல் வரைவில் வீரராக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்ததில் அவர் சன்னல் வழியே குதித்து... அதையும் அடித்துவிட்டேன். இப்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“ஓடுற வீட்டுல கோர்ட்டு நடத்த முடியாதும்மா. எறங்கிடுவோம்.”

“நீங்க எறங்குனா கோர்ட்டும் எறங்கிடுமா, ஐயா?”

“சட்டம் என்ன சொல்லுதுன்னா...”

“சட்டத்தக் கேக்கல. எம்புள்ள யாருகிட்டன்னு கேக்குறேன்.”

ஹுல்டா நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள்.

வெளியிலிருந்து ஆண்டர்ஸ் கத்தினான்: “அண்ணி, இப்பவே குதிச்சிருங்க! அப்புறம் ரொம்ப தூரம் நடக்கணும்!”

“உன் வழக்குதான்டா உள்ள நடக்குது. வந்து நின்னு பேசேன்!”

அவனால் வர முடியவில்லை. வழி இறக்கமாக இருந்தது. எருதுகளை விட்டு வந்தால் வீடு அவற்றின் மேலேயே ஏறிவிடும்.

4

கயிறு அறுந்து வீடு நடுவயலில் நின்றுவிடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஆண்டர்ஸ் மனம் மாறி எருதுகளைத் திருப்புவதாக இன்னொன்று. குழுத் தலைவிக்கு அதுதான் பிடித்தது. (“ஒருத்தராவது நல்லவரா இருக்கட்டுமே!”) நான் மறுத்துவிட்டேன்.

புரூயிட் துணிந்து சொன்னாரா, கதவு அடைபட்டதால் சொன்னாரா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். மில்பர்ன் எல்லையைத் தாண்டுமுன் அவர் தீர்ப்புச் சொன்னார். கட்டடம் மாலையில் கோர்வின் சேர்ந்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. மகள் ஹுல்டாவிடமே வளர்ந்தாள்.