வெளிச்சம் வரும் பக்கம்

"இது எங்க அண்ணன் இல்லியே" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சவப்பெட்டி மூடியின் பித்தளைத் தகட்டை நெவில் இன்னொரு தடவை குனிந்து படித்தார். டெஸ்மண்ட் ஹாலம், எழுபத்தொரு வயது. பெயர் சரி. வயது சரி. பேருந்து ஓட்டுநர் சங்கத்தின் நீலக் கழுத்துப்பட்டைகூடச் சரிதான். பெட்டிக்குள் இருந்த முகம்தான் யாருடையதோ.

"அவருதாங்க" என்றாள் டாம்சின். அந்த ஈமச்சடங்கு நிலையத்தில் உடல்களைக் குளிப்பாட்டி உடுத்துகிற பெண். "முகம் ரொம்ப வெளுத்திருந்துச்சு. அதான் கொஞ்சம் நிறம் போட்டேன்."

நிறம் போட்டிருந்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே நிறம், மேடு பள்ளம் தெரியாமல், சுவருக்கு அடித்த மாதிரி. முதல் பூச்சோடு யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன பொம்மை என்றுதான் நெவிலுக்குத் தோன்றியது.

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. அண்ணனும் தம்பியும் நாற்பது வருடமாக வியாழக்கிழமை தோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து, கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூடத்தில் அவற்றை அணிவகுக்க வைத்து, பகடை உருட்டிப் போர் புரிவார்கள். நாட்டிங்ஹாமில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பூச்சு காய்ந்ததும் தண்ணீராய்க் கரைத்த கருநிறத்தைப் பள்ளங்களில் ஓடவிட வேண்டும். மேடுகளில் வெளிர் நிறம் தொட வேண்டும். சொல்ல இவ்வளவுதான், செய்யப் பல்லாண்டு. நெவிலின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் டெஸ்மண்ட் ஒரே கேள்விதான் கேட்பார்.

"வெளிச்சம் எங்கேருந்துடா வருது?"

"மேலேருந்துதான்."

"அப்ப ஏன் இவன் தாடிக்கு அடியில பொழுது விடிஞ்சிருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கத்து ரொட்டிக் கடையில் பெரில் உட்கார்ந்திருந்தாள். டெஸ்மண்டின் மனைவி. முன்னால் தேநீர், தலையில் கறுப்புத் தொப்பி. செவ்வாய்க்கிழமை நெஞ்சுவலி என்று டெஸ்மண்ட் தானே நடந்துபோய், ஓட்டுநரின் பிரேக்கைக் குறை சொல்லியபடி ஆம்புலன்சில் ஏறினார். பின்னாலேயே பேருந்து பிடித்துப் போன பெரில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரையை விலக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குத் தகனம்; இன்று ஐந்து மணிக்கு மூடி போட்டுவிடுவார்கள்.

"நீ மொதல்ல போய்ப் பாரு நெவ்" என்று சொல்லியிருந்தாள். "அவரு மாதிரி இருந்தா ஜன்னல்லேருந்து கையக் காட்டு. வேற மாதிரி இருந்தா வேணாம் கண்ணு. வேற யாரையோ பாத்துட்டு மிச்ச காலத்த ஓட்ட முடியாது என்னால."

இப்போது கையைக் காட்டுவதா வேண்டாமா? நெவிலுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. கோட்டுப் பையில் கைவிட்டார். தூரிகைப் பெட்டி அங்கேதான் இருந்தது. வியாழக்கிழமையாயிற்றே, கை தானாக எடுத்து வைத்திருக்கிறது.

"நான் கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டுமா?"

டாம்சின் தயங்கினாள். "சொந்தக்காரங்க தலை வாரி விடுவாங்க, நகத்துக்குச் சாயம் போடுவாங்க. மூஞ்சிய யாரும் கேட்டதில்ல." பிறகு என்ன நினைத்தாளோ, தன் வண்ணத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

துவரம் பருப்பு அளவு முகங்களுக்குப் பழகிய கை. அவ்வளவு சிறிய முகத்தில் நிழல் தானாக விழாது; நாம்தான் கூட்டிச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் கன்னக் குழியில் பழுப்பை அழுத்தி இழுத்தார். அண்ணன் மூன்று நாள் பட்டினி கிடந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

"ஐயோ, அடிச்ச மாதிரி இருக்குங்க."

"தெரியுது, தெரியுது." நுனி விரிந்துவிட்ட தூரிகையை நெவில் யோசிக்காமல் உதட்டில் வைத்துக் கூராக்கினார்.

டாம்சின் வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதற்கு ஒரு அறை முன்னாலேயே அவர் நிரூபித்துவிட்டார். அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கொப்பளித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பி யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று தெரியாமல் அதையும் தண்ணீரோடு சேர்த்துத் துப்பினார்.

ஈரத் தூரிகையால் ஓரங்களைக் கரைத்தார். மூக்கின் கீழே, உதட்டின் கீழே, தாடையின் கீழே நிழல். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் வெளிச்சம். ஆனால் வலது கன்னம் வந்த அளவுக்கு இடது கன்னம் வரவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. நாற்பது வருடமும் அவர் உட்கார்ந்தது அண்ணனின் வலப்பக்கம். அந்தக் காதும் மச்சமும் மனப்பாடம். இடது பக்கம் எப்படி இருக்கும்? கூடப் பிறந்தவன் முகத்தில் பாதி தனக்குத் தெரியாது என்பதை எப்படி ஜீரணிப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. வலது பக்கத்தைப் பார்த்தே இடது பக்கத்தையும் குத்துமதிப்பாக முடித்தார்.

மணி நாலே கால். நன்றாக இருக்கிறதா, இல்லை பார்த்துப் பார்த்துத் தனக்குப் பழகிவிட்டதா? டாம்சினிடம் கேட்டார்.

"எனக்கு அவரு உயிரோட எப்படி இருப்பாருன்னு தெரியாதுங்களே" என்றாள் அவள்.

நியாயம்தான். நெவில் ஜன்னலருகே போனார். எதிரே பெரில் எழுந்து நின்றுவிட்டாள். அவர் கையைத் தூக்கியதை அழைப்பு என்றும் சொல்லலாம், தடுப்பு என்றும் சொல்லலாம். அவருக்கே தெரியவில்லை. அவள் தெருவைக் கடந்துவிட்டாள்.

உள்ளே வந்தவள் பெட்டியின் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள். கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்ன நெவ் இது" என்றாள் கடைசியில். "இவரு நின்னுக்கிட்டில்ல இருக்காரு."

நெவில் குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. நிழல் எல்லாம் கால் பக்கம், வெளிச்சம் எல்லாம் உச்சந்தலைப் பக்கம். கூரை விளக்கு நேர் மேலே எரிந்துகொண்டிருக்க, படுத்திருக்கிற மனிதனுக்கு நிற்கிற மனிதனின் நிழலைப் போட்டு வைத்திருக்கிறார்.

"தப்புப் பண்ணிட்டேன் பெரில்." கை தூரிகைக்குப் போனது. "படுத்திருக்கிறவங்களுக்கு நான் போட்டதே இல்ல. எங்க ஆட்டத்துல விழுந்தவன மேசையிலேருந்து எடுத்துருவோம். இரு, துடைச்சுடறேன்."

"தொடாத."

அவள் கைப்பையை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி மெல்லத் தலையைச் சாய்த்தாள். காது தோளைத் தொடும் வரை, கணவனின் முகம் தன் முகத்துக்கு நேராக நிற்கும் வரை சாய்த்தாள். தொப்பி நழுவியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுபக்கம், டெஸ்மண்டின் இடது கை ஓரமாகப் போய் நின்று, நெவிலும் கழுத்தைச் சாய்த்தார்.